தொட்டி வாங்குமுன் கொல்லையைப் பாருங்கள்

(நமது கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில், பேராவூரணிப் பகுதியைச் சேர்ந்த குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்திற்கு வர இயலாத உறுப்பினர்களுக்கு ஊக்குநர்கள் வாரக் கூட்டத்தில் வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.)



மைக் பிடித்துப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. குழுவில் சேர்ந்த புதிதில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடவே கை நடுங்கும். இன்றைக்குப் பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்காங்க. கொஞ்சம் கூடப் போனாலும் பொறுத்துக்குங்க.

இன்றைய தீர்மான நோட்டில் நாலாவதாக ஒரு விஷயம் எழுதியிருக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கு மக்கு உரம் தயாரிக்கும் தொட்டியை மொத்தமாக வாங்கி, எல்லா உறுப்பினர்களுக்கும் கடனில் கொடுப்பது என்று. நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்காங்க. மொத்தமாக வாங்கினால் விலை குறையும், அதுவும் சரி. ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என் கதையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் டவுனில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். அங்கே பச்சை நிறத்தில் ஒரு தொட்டி வைத்திருந்தார்கள். மூடி, கீழே ஒரு குழாய், உரம் எடுக்க ஒரு சின்னக் கதவு, எல்லாம் இருந்தது. மேலே குப்பையைப் போட்டால் கீழே உரமாக வரும் என்று அந்தத் தம்பி சொன்னார். நானும் மாவு மெஷின் மாதிரி நினைத்துக்கொண்டேன். குழுவில் 3,000 ரூபாய் உள்கடன் எடுத்து வாங்கிவிட்டேன். மாதம் 300 ரூபாய் அசல், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்துத் தவணை.

வெயில் பட்டால் சீக்கிரம் மக்கும் என்று நானே முடிவு செய்து, மொட்டை வெயிலில் வைத்தேன். காய்கறித் தோல், மிச்சச் சோறு, குழம்பு, ஊறுகாய் எல்லாவற்றையும் போட்டு மூடினேன். பதினைந்தாம் நாள் மூடியைத் திறந்தால் அழுகின முட்டை நாற்றம். உள்ளே நெளிநெளியென்று புழு. எங்க மாமியார், "காசு குடுத்துச் சாக்கடை வாங்கியாந்திருக்கா" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் அதை அப்படியே கொண்டுபோய் வாய்க்கால் ஓரம் கவிழ்த்தார். தொட்டி காலியாகிவிட்டது. தவணை இன்னும் ஒன்பது பாக்கி.

இதில் தொட்டியின் குற்றம் ஒன்றும் இல்லை. அதே தொட்டியில் இப்போது நல்ல உரம் எடுக்கிறேன். அன்றைக்கு எனக்குத் தெரியாமல் இருந்ததைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

சோறும் குழம்பும்

தொட்டி உரம் தயாரிப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் தயாரிக்கின்றன. அதுகளுக்கும் நம்மை மாதிரியே சாப்பாடு, தண்ணீர், காற்று மூன்றும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் வேலை நின்றுபோகும்.

சாப்பாட்டில் இரண்டு வகை. காய்ந்த சருகு, வைக்கோல், ஓலை, கடலைத் தோல், மரத்தூள் இதெல்லாம் ஒரு வகை. இதில் கரிச்சத்து அதிகம். காய்கறித் தோல், கீரைத்தண்டு, பச்சைத் தழை, சாணி, டீத்தூள் இன்னொரு வகை. இதில் தழைச்சத்து அதிகம். கரிச்சத்து 30 பங்குக்குத் தழைச்சத்து 1 பங்கு என்ற கணக்கில் இருந்தால் நன்றாக மக்கும் என்பார்கள். நமக்கு அந்தக் கணக்கு வேண்டாம். சருகைச் சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள், பச்சைக் கழிவைக் குழம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கரண்டி குழம்புக்கு இரண்டு, மூன்று கைப்பிடி சோறு போட்டுப் பிசைவோம் இல்லையா? அதே அளவுதான். ஒரு வாளி சமையலறைக் கழிவுக்கு இரண்டிலிருந்து மூன்று வாளி சருகு. நான் வெறும் குழம்பை மட்டும் ஊற்றி மூடிவைத்தேன். அழுகாமல் என்ன செய்யும்?

இதைக் கேட்டதும், "சருகுக்கு எங்கே போறது?" என்று ஒரு அக்கா போன வாரம் கேட்டாங்க. அக்கா, நாம் தினமும் காலையில் வாசலையும் கொல்லையையும் கூட்டிக் கொளுத்துகிறோமே, அது என்ன? தெரு முழுக்கப் புகை, பிள்ளைகளுக்கு இருமல். அந்தச் சருகைத்தான் சாக்கில் அள்ளித் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்கிறேன். பங்குனி, சித்திரையில் நாலு சாக்கு சேர்த்து நனையாமல் வைத்துவிட்டால் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உதவும். மழைக்காலத்தில் காய்ந்த சருகு கிடைக்காது. அப்போதுதான் எல்லோருடைய தொட்டியும் நாறும்.

தண்ணீர்ப் பதத்துக்கு நான் ஒன்று சொல்வேன், புட்டு மாவுப் பதம். கையில் அள்ளிப் பிடித்தால் பிடி நிற்கணும், விரலால் தட்டினால் உதிரணும். பிழிந்தால் தண்ணீர் ஒழுகினால் அதிகம், சருகு போட்டுக் கிளறுங்கள். பிடியே நிற்காவிட்டால் ஈரம் போதாது, தண்ணீர் தெளியுங்கள். சாணிப்பால் இருந்தால் இன்னும் நல்லது.

காற்றுக்கு வாரம் ஒருமுறை கிளற வேண்டும், அவ்வளவுதான். உள்ளே காற்று போகாவிட்டால் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகும். அந்த நாற்றம் அதுகள் உண்டாக்குவதுதான்.

உங்கள் வீட்டுக்கு எது?

இப்போது தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். எல்லோருக்கும் ஒரே தொட்டி என்பதுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே அளவில் எல்லோருக்கும் ஜாக்கெட் தைத்துக் கொடுத்தால் போட்டுக்கொள்வோமா?

முதலில் ஒரு வாரம் பழைய வாளி ஒன்றைச் சமையலறை ஓரம் வைத்து, கழிவு எவ்வளவு சேருகிறது என்று பாருங்கள். மாடு, ஆடு இருக்கிற வீட்டில் கழுநீரும் காய்த்தோலும் அதுகளுக்கே போய்விடும், வாளியில் ஒன்றும் சேராது. அந்த வீட்டுக்கு மூடி போட்ட தொட்டி எதற்கு? அவர்களிடம் இருப்பது சாணியும் கூளமும். அதற்குக் குவியலோ வேலி அடைத்த கூடோதான் சரி. மாடு இல்லாத வீட்டில், நாலைந்து பேர் சாப்பிடுகிற இடத்தில், எங்கள் வீட்டுக் கணக்கில் நாளைக்கு ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ சேருகிறது. அவர்களுக்குத்தான் தொட்டி தேவைப்படும்.

காசே செலவில்லாமல் வேண்டும் என்றால் நம்ம பக்கம் தென்னை மட்டைக்குப் பஞ்சமா? சவுக்குக் கம்பு நாலு நட்டு, சுற்றிலும் மட்டையைக் குறுக்கே அடுக்கி, மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரத்துக்குக் கட்டுங்கள். இந்த அளவுக்கு ஒரு காரணம் இருக்கிறது. மூன்றடிக்கு மூன்றடி குவியல் இருந்தால்தான் உள்ளே சூடு நிற்கும். நன்றாகக் கலந்த குவியலில் 55, 60 டிகிரி வரைக்கும் சூடு ஏறும். கையை உள்ளே விட்டால் சுடும். அந்தச் சூட்டில் களை விதை, புழு முட்டை எல்லாம் பெரும்பாலும் செத்துப்போகும். சின்னத் தொட்டியில் அவ்வளவு சூடு ஏறாது. அதனால் சின்னத் தொட்டி வைத்திருப்பவர்கள் பூத்த பார்த்தீனியம், கோரைக்கிழங்கு, நோய் வந்த செடி இதையெல்லாம் உள்ளே போடாதீர்கள். மட்டைக் கூட்டின் குறை என்னவென்றால் கோழி உள்ளே புகுந்து கிளறும், கறையானும் வரும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் மறுபடி கட்ட வேண்டியிருக்கும். கட்டிக்கொள்ளலாம், காசா பணமா.

இடமும் சொந்தம், கொஞ்சம் காசும் போட முடியும் என்றால் கிணற்று உறை நல்லது. மூன்றடி அகலச் சிமெண்டு உறை இரண்டு வாங்கி, ஒன்றின் மேல் ஒன்று வைத்து, நடுவில் நாலு இடத்தில் ஓட்டுச்சில்லு கொடுத்துவிட்டால் சந்து வழியாகக் காற்று போகும். அடியில் தளம் போடாதீர்கள். மண்ணோடு ஒட்டியிருந்தால்தான் மிச்சத் தண்ணீர் வடியும், மண்புழு தானாக ஏறி வரும். எலித்தொல்லை இருந்தால் அடியில் கம்பி வலை போடுங்கள். மூன்று உறை வைக்கலாமா என்று கேட்பீர்கள். கடையில் வைக்கச் சொல்வார்கள், எனக்குச் சம்மதமில்லை. ஏனென்றால் அதைக் கிளறப்போவது நாம்தான். ஆம்பளைங்க வந்து கிளறுவாங்க என்று நம்பித் தொட்டி வாங்காதீர்கள். இடுப்புக்கு மேல் உயரம் போனால் கை அடிவரைக்கும் எட்டாது. எங்க பெரியம்மா ஒரு உயரமான டிரம்முக்குள் குனிந்து கிளறப்போய் இடுப்புப் பிடித்துக்கொண்டு நாலு நாள் படுத்துவிட்டார்கள். உங்கள் உயரத்துக்கும் உங்கள் இடுப்புக்கும் எது ஒத்துவருமோ அதுதான் உங்கள் தொட்டி.

டிரம் பற்றி ஒன்று கண்டிப்பாகச் சொல்லணும். பழைய பிளாஸ்டிக் டிரம் மலிவாகக் கிடைக்கும். பக்கவாட்டிலும் அடியிலும் விரல் மொத்தத்துக்கு ஓட்டை போட்டு, மூன்று செங்கல் மேல் தூக்கி வைத்தால் அருமையான தொட்டி. ஆனால் அதில் முன்னால் என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். பூச்சிமருந்து, ஆசிட், சாயம் இருந்த டிரம் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். அந்த உரம் போட்ட கீரையை நம்ம பிள்ளைகள்தான் சாப்பிடப்போகிறார்கள்.

வாடகை வீடு, கொல்லையே இல்லை என்கிறவர்களுக்கு மண்பானை இரண்டு போதும். பக்கவாட்டில் ஓட்டை போட்டு, நிழலில் வைத்து, ஒன்று நிறைந்ததும் துணி கட்டி ஒதுக்கிவிட்டு அடுத்ததை ஆரம்பிக்க வேண்டியதுதான். தொட்டியாக இருந்தாலும் இதே முறைதான். ஒரே தொட்டியில் தினமும் மேலே போட்டுக்கொண்டே இருந்தால் கீழே மக்கினது எது, நேற்றுப் போட்டது எது என்று பிரிக்க முடியாது. ஒரு பெரிய தொட்டிக்குப் பதில் இரண்டு சின்னது வாங்குங்கள்.

குழி வெட்டலாமே என்று மூத்தவர்கள் கேட்பீர்கள். நம் தாத்தா, பாட்டி காலத்து எருக்குழி எல்லா வீட்டிலும் இருந்ததுதான். கோடையில் குழி நல்லது, ஈரம் காயாது. ஐப்பசி அடைமழையில் நம்ம பக்கம் குழி குளமாகிவிடும். 1924-லிருந்து 1931 வரை இந்தூரில் இருந்து ஆராய்ச்சி செய்த ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற வெள்ளைக்காரர், நம் நாட்டு விவசாயிகளின் பழக்கத்தையும் பார்த்துத்தான் இந்தூர் முறை என்ற ஒன்றை ஏற்படுத்தினார். அவர்கூட மழைக்காலத்தில் குழி வேண்டாம், தரைக்கு மேல் குவியலாகப் போடுங்கள் என்றுதான் சொன்னார்.

எந்தத் தொட்டியானாலும் மர நிழலில் வையுங்கள். மூடியில் பள்ளம் இருந்தால் மழைத்தண்ணீர் தேங்கி, டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும். என் பச்சைத் தொட்டியின் மூடியில் அப்படி ஒரு பள்ளம் இருந்தது. இப்போது அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலே ஒரு ஓலைக் கீற்றைப் போட்டு வைத்திருக்கிறேன்.

வெள்ளைப் புழுவைப் பார்த்தால்

இதை மட்டும் எல்லோரும் கவனமாகக் கேளுங்கள். நாம் தென்னையை நம்பிப் பிழைக்கிற ஊர்க்காரர்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயலில் நம்ம பக்கம் எத்தனை தென்னை சாய்ந்தது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சாய்ந்த மரங்களை வெட்டி அகற்ற முடியாமல் அப்படியே மக்கவிட்ட தோப்புகளில் காண்டாமிருக வண்டு பெருகியது. ஏனென்றால் அந்த வண்டு முட்டையிடுவது மக்கின மரத்திலும் எருக்குழியிலும்தான். தோப்பைக் காப்பாற்ற நாம் இந்தப் பாடு படும்போது, வீட்டுக்கு வீடு உரத்தொட்டி வைத்து வண்டு வளர்த்துவிடக் கூடாது.

தொட்டியில் இரண்டு விதப் புழு வரும். ஒன்று தட்டையாக, மங்கின பழுப்பு நிறத்தில், அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாகக் கூட்டமாக இருக்கும். அது கறுப்பு ஈயின் புழு. அதைக் கண்டு அருவருப்புப் படாதீர்கள், அது குப்பையை வேகமாகத் தின்று தீர்க்கும். ஈரம் அதிகமாகிவிட்டது என்பதற்கும் அது ஒரு அடையாளம். முதல் தடவை நான் பார்த்துப் பயந்தது இதைத்தான்.

இன்னொன்று வெள்ளையாக, கொழுகொழுவென்று, கட்டை விரல் மொத்தத்தில், பிறை மாதிரி வளைந்து கிடக்கும். தலை பழுப்பாக இருக்கும். அதுதான் காண்டாமிருக வண்டின் புழு. அதைப் பார்த்தால் விடாதீர்கள். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், கோழி இல்லாவிட்டால் நசுக்குங்கள். அது முழு வண்டாக மாற மாதக்கணக்கில் ஆகும். வாரம் ஒருமுறை கிளறுகிற தொட்டியில் அது கண்ணில் படாமல் தப்ப முடியாது. "இது பாட்டுக்குக் கிடந்து மக்கட்டும்" என்று ஆறு மாதம் தொடாமல் விட்ட குழியில்தான் அது வளரும். இந்தப் புழுவைக் கொல்ல மெட்டாரைசியம் என்று ஒரு பச்சைப் பூஞ்சாணமும் இருக்கிறது. வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் நமக்குப் பக்கம்தான். குவியல் பெரிதாக வைத்திருக்கிறவர்கள் அங்கே போகும்போது கேட்டுப் பாருங்கள்.

தென்னை என்றதும் நார்க்கழிவு ஞாபகம் வருகிறது. கயிறு ஆலை வாசலில் மலையாகக் கிடக்கிறது, சும்மா அள்ளிக்கொள்ளலாம். ஆனால் அது மட்டும் போட்டால் சீக்கிரம் மக்காது. தன் எடையைப்போலப் பல மடங்கு தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தொட்டியில் ஈரம் அதிகமானால் ஒரு கை தூவ நல்லது, சருகுக்குப் பதிலாக முழுக்க அதையே போடக் கூடாது. பச்சையாகச் செடிக்கும் போடாதீர்கள்.

மீன் கழிவு பற்றி மல்லிப்பட்டினம் பக்கத்து உறுப்பினர்கள் கேட்டிருக்காங்க. தொட்டியில் வேண்டாம். நாய், பெருச்சாளி இரண்டும் வரும். தென்னைக்கு அடியில் ஒன்றரை அடி ஆழத்தில் புதையுங்கள். அல்லது மீன் கழிவும் வெல்லமும் சம எடை எடுத்து மூடி வைத்து மீன் அமிலம் செய்யலாம், அதை இன்னொரு கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். எண்ணெய், உப்பு அதிகம் உள்ள ஊறுகாய், கருவாட்டுத் தலை, நாய் பூனை மலம், பளபளப்புக் காகிதம், பிள்ளைகளுக்குப் போடுகிற டயப்பர், இதெல்லாம் போடக் கூடாது. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள். கொட்டாங்கச்சி அடுப்புக்கு.

மண்புழு விட்டால்தான் உரமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, புழு இல்லாமலும் மக்கும். புழு விட ஆசை இருந்தால், கழிவைச் சாணியோடு கலந்து பதினைந்து, இருபது நாள் வைத்து, சூடு அடங்கினபிறகு விடுங்கள். சூட்டோடு விட்டால் எல்லாம் ஒரே நாளில் செத்துவிடும். நம் தோட்டத்தில் ஆழத்தில் தோண்டி எடுக்கிற புழு இதற்குச் சரிப்படாது, குப்பையின் மேல்மட்டத்தில் வாழ்கிற வகை வேண்டும். எறும்புதான் எதிரி.

அவசரப்பட்ட கதை

இரண்டாவது தடவை நான் எல்லாம் சரியாகச் செய்தேன். நாற்றம் இல்லை, ஈ இல்லை. மூன்றாவது வாரம் பார்த்தால் கறுப்பாக உதிரி உதிரியாக இருந்தது. பெருமை தாங்கவில்லை. மாமியாரிடம் காட்டிவிட்டு, கத்தரி நாற்று இருபதுக்கும் ஆளுக்கு இரண்டு கை அள்ளி வைத்தேன். ஒரு வாரத்தில் இலை மஞ்சளாகி, பாதி நாற்று போய்விட்டது.

மக்கி முடியாத உரத்தை மண்ணில் போட்டால், அந்த நுண்ணுயிர்கள் மிச்ச வேலையை முடிக்க மண்ணிலிருக்கிற தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். செடி பட்டினி கிடக்கும். வேரும் வெந்துபோகும். நன்றாகக் கிளறின தொட்டிக்கே இரண்டிலிருந்து மூன்று மாதம் ஆகும். நிறம் கறுத்துவிட்டது என்று நம்பக் கூடாது. நான் இப்போது செய்வது என்னவென்றால், இரண்டு கை உரத்தை ஈரமாக ஒரு பாலிதீன் பையில் கட்டி மூன்று நாள் வைப்பேன். திறந்தால் முதல் மழை பெய்த மண் வாசனை வரணும். புளிப்பு வாடையோ மூத்திர வாடையோ வந்தால் இன்னும் மக்கவில்லை. சந்தேகம் இருந்தால் ஒரு கொட்டாங்கச்சியில் போட்டு வெந்தயம் விதைத்துப் பாருங்கள். மூன்று, நாலு நாளில் ஒழுங்காக முளைத்துப் பச்சையாக நின்றால் செடிக்குப் போடலாம்.

போடும்போதும் தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள். ஒரு சாண் தள்ளி வட்டமாகப் போட்டு, லேசாகக் கிளறி, மேலே சருகை மூடிவிடுங்கள். பையில் செடி வைப்பவர்கள் மண் இரண்டு பங்கு, உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்தால் போதும்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த உரத்தில் தழைச்சத்து சுமார் 1 சதவீதம்தான் இருக்கும். மூட்டை உரம் போட்ட மறுவாரமே பச்சை பிடிக்கிற மாதிரி இதில் எதிர்பார்க்காதீர்கள். நம்ம மணல் மண்ணில் காலையில் ஊற்றின தண்ணீர் மதியம் இருக்காது. இந்த உரம் போட்ட இடத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் ஊற்றினால் போதுமானதாக இருக்கிறது. தூரத்துக் குழாயிலிருந்து குடம் சுமக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். எங்கள் வீட்டில் கத்தரி, வெண்டை, அவரை, தண்டுக்கீரை வருகிறது. வாரத்தில் இரண்டு, மூன்று நாள் காய் வாங்குவதில்லை. லட்சாதிபதி ஆகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

அதனால் தீர்மானத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒரு மாதம் தள்ளி வைக்கச் சொல்கிறேன். அதற்குள் ஒவ்வொரு குழுவிலும் ஊக்குநர் நோட்டில் எழுதட்டும். யார் வீட்டில் மாடு இருக்கிறது, யார் வாடகை வீடு, யார் வீட்டுக் கொல்லையில் மழைத்தண்ணீர் தேங்கும், ஒரு வாரத்து வாளி எவ்வளவு நிறைந்தது, குனிந்து கிளற யாரால் முடியாது. மட்டைக் கூடு போதும் என்கிறவர்களுக்குக் கடனே வேண்டாம். உறை வேண்டும் என்கிறவர்களுக்கு உறையை மொத்தமாக வாங்குவோம், வண்டி வாடகை மிச்சம். தொட்டியேதான் வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும் தொட்டி. என்னை மாதிரி வாய்க்காலில் கொட்டிவிட்டு ஒன்பது தவணை கட்ட வேண்டாம்.

இரண்டு தட்டு கொண்டு வந்திருக்கிறேன். முன் வரிசையிலிருந்து அனுப்புகிறேன், கையில் எடுத்து மோந்து பாருங்கள், ஒன்றும் ஆகாது. எவர்சில்வர் தட்டில் இருப்பது மூன்று வாரத்து உரம், என் கத்தரி நாற்றைக் கொன்ற மாதிரி உரம். பிளாஸ்டிக் தட்டில் இருப்பது மூன்று மாதத்து உரம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பின் வரிசைக்குப் போவதற்குள் தட்டை மாற்றிவிடாதீர்கள். அந்தப் பொட்டலத்தில் வெந்தயமும் வைத்திருக்கிறேன், வேண்டுகிறவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.